செருப்பிங்கே வைத்தாய்

அச்சகத்தில் அவளைக் காப்பி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர் எவராவது, "அக்கா, எனக்கும் ஒரு காப்பி" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். அவளுடையது அடுப்படி வேலை இல்லை. கையெழுத்துப் படிக்கு அந்த அச்சகத்தில் காப்பி என்று பெயர். அச்சுக் கோத்து எடுத்த புரூஃபை ஒருவர் பிழை திருத்தப் பென்சிலும் கையுமாக வைத்துக்கொண்டு உட்கார, எதிரே இன்னொருவர் காப்பியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

ஒரு புள்ளி விடாமல் படிக்க வேண்டும். நிஜமாகவே புள்ளி விடாமல். "ஆகவே கால்புள்ளி இந்த அணியைக் கற்பவர் கால்புள்ளி" என்று நாளெல்லாம் படித்துப் படித்து, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கோபம் தலைக்கேறினால், "சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கக் கூடாதா கேள்விக்குறி" என்பாள். புருஷன் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிக்கிற மனுஷனோடு எத்தனை நேரம்தான் சண்டை போடுவது?

அவர் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனுஷர், ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. கவிதையில் எதை எப்படிச் சொன்னால் மனசில் தைக்கும் என்று வகை பிரித்துச் சொல்லும் பழைய அணி இலக்கண நூல் ஒன்று, செல்லரித்த ஏடுகளாக அவர் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. அதை அச்சில் கொண்டுவராமல் கண்ணை மூடுவதில்லை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அச்சகத்துக்கு அதன் முதல் பகுதியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றுதான் காப்பி படிக்கிற பெண்ணையும் பார்த்தார். பிறகு ஏடும் அவளுமாகக் குடித்தனம் நடந்தது.

அந்த மாதிரி நூல்களில் ஒவ்வொரு விதிக்கும் கீழே உதாரணமாக ஒரு பாட்டு இருக்கும். பாடியவர் பெயர் இருக்காது. யாரோ பாடியது, எவளோ வயிற்றெரிச்சலில் சொன்னது, இலக்கணக்காரருக்கு அதைப் பற்றியெல்லாம் என்ன கவலை! விதிக்குப் பொருந்தினால் எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த விதிக்குப் போய்விடுவார். நமக்கும் அது யாருடைய அழுகை என்று கேட்கத் தோன்றுவதில்லை.

வாத்தியாரின் ஏட்டில் ஓர் இடத்தில் ஓட்டை. போனவரைப் பற்றிப் பேசாதே, அவர் விட்டுப்போன பொருளைப் பேசு, துக்கம் தானே தெரியும் என்கிற விதி அது. விதி இருந்தது, விளக்கம் இருந்தது, பாட்டைப் பூச்சி தின்றுவிட்டது. வேறு ஏடு தேடி அவர் அலையாத இடம் இல்லை.

"பூச்சிக்கும் ரசனை இருக்கு பாரு, நல்லதாப் பாத்துத் தின்னிருக்கு" என்பார்.

"அதுக்காவது வயிறு நிறைஞ்சுதே" என்பாள் அவள்.

அவர்களுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது. வாய் ஓயாது. அம்மாவைப் பார்த்துப் பார்த்து, "பால் வேணும் முற்றுப்புள்ளி" என்று அதுவும் பேசும். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்ததிலிருந்து அதைக் கழற்றவே மாட்டேன் என்று அடம். ஒரு நாள் காலையில் குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் மேலே சொருகியது. அவள் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தெருமுனை தாண்டும்போது குழந்தை முனகியது.

"அம்மா... செருப்பு."

"வந்து போட்டுக்கலாம்டி கண்ணு."

குழந்தை வரவில்லை. அவளும் வாத்தியாரும் மட்டும் திரும்பி வந்தார்கள். வாசற்படியில் அந்தச் செருப்பு, ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தது. அவள் குனிந்து கவிழ்ந்ததை நிமிர்த்தி ஜோடியாக வைத்தாள். அழுகை வரவில்லை. வாயில் இரண்டு அடி வந்தது.

"செருப்பிங்கே வைத்தாய் சிறுமகளே கல்லும்
நெருப்புமாம் நீசென்ற காடு."

பாட்டுக் கட்ட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வருஷக்கணக்காகச் செய்யுளை வாய்விட்டுப் படித்த வாய் அது, வந்தது அப்படி வந்துவிட்டது. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். எங்கும் எழுதி வைக்கவில்லை. பக்கத்தில் பூட்டைத் திறந்துகொண்டிருந்த வாத்தியார் காதில் அது விழுந்தது. சாவி நெடுநேரம் பூட்டுக்குள் திரும்பாமல் நின்றது.

புத்தகம் ஒரு வழியாக அச்சுக்கு வந்தபோது, புரூஃப் அவர் கையில், காப்பி அவள் கையில். அறை முழுக்க மை வாசனை. அவள் பாட்டுக்குக் கடகடவென்று படித்துக்கொண்டே வந்தாள். அந்த விதியைப் படித்தாள், முற்றுப்புள்ளி. விளக்கம், முற்றுப்புள்ளி. உதாரணம். "செருப்பிங்கே வைத்தாய்" என்று படித்த பிறகுதான் என்ன படிக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

காப்பியைக் கீழே வைத்தாள். "என்னங்க இது?"

அவர் புரூஃபிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "படி."

"என்னைக் கேட்டீங்களா? என் குழந்தைக்குச் சொன்னதுங்க இது. அதைப் போய்ப் பூச்சி தின்ன ஓட்டையில வெச்சு அடைச்சிருக்கீங்களே!"

அவர் பென்சிலை வைத்துவிட்டார். செய்தது தப்பு என்று அவருக்குத் தெரியும். பழைய நூலில் புதுப் பாட்டைச் செருகுவது பதிப்பிக்கிறவன் செய்யக் கூடாத பாவம். வேறொருத்தர் செய்திருந்தால் அவரே கிழிகிழி என்று கிழித்திருப்பார்.

"உன் பேர்ல தனியாப் போட்டா யாரு வெச்சிருப்பா? நாலு நாள் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுடுவாங்க" என்றார். "பழசுன்னா தூக்கிப் போட மாட்டாங்க. பத்திரமா வெச்சுப்பாங்க. அவ பத்திரமா இருக்கட்டும்னுதான்..."

அவள் கீழே வைத்த காப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"யாருக்கு அழுதேன்னு ஒரு வரியாவது போடுங்க" என்றாள் கடைசியில்.

"அடுத்த பதிப்புல அடிக்குறிப்பு போடறேன். இந்தப் பாட்டு ஏட்டுல இல்ல, எங்க பொண்ணுக்கு அவ அம்மா சொன்னதுன்னு. சத்தியமா."

அடுத்த பதிப்பு வருவதற்குள் வாத்தியார் போய்விட்டார். புத்தகம் நிலைத்தது. பாட்டும் நிலைத்தது. பாடப்புத்தகத்தில் ஏறியது, பட்டிமன்றத்தில் முழங்கியது. பெயர் தெரியாத பழம்புலவர் ஒருவர் பாடியது என்றார்கள். புலவர்! அந்தப் பழம்புலவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் அந்தச் சின்னச் செருப்பைத் துடைத்து வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

பல வருஷம் கழித்து முதலாளி ஒரு நாள் அவளைக் கூப்பிட்டார். "அக்கா, நம்ம வாத்தியார் புத்தகம் மறுபதிப்பு வருது. கல்லூரிப் பேராசிரியை ஒருத்தங்க பொறுப்பெடுத்துப் பாக்கறாங்க. ஏதாவது சேக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. இதை விட்டா இனிமே எப்பவோ."

அவள் அன்றைக்கே கல்லூரிக்குப் போனாள். ஒரு அடிக்குறிப்பு. ஒரே ஒரு வரி. வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், புள்ளியோடு. பாட்டைச் செருகிவிட்டார் என்று வாத்தியார் பெயர் கெடுமே என்ற பயமும் கூடவே வந்தது. கெட்டால் கெடட்டும், பெற்றது நான் என்று நினைத்துக்கொண்டாள்.

பேராசிரியை வகுப்பில் இருந்தார். சின்ன வயதுதான், சிரித்த முகம். "வாத்தியார் வீட்டம்மாவா? வாங்கம்மா, உக்காருங்க. இதோ முடிச்சிடறேன், உங்க புத்தகம்தான் நடக்குது" என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார். கரும்பலகையில் அந்த இரண்டு அடியும் எழுதியிருந்தது. அவள் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், அந்தப் பொண்ணு செத்துப் போயிட்டான்னு எடுத்துக்கலாமா?"

காப்பி அக்கா எட்டி அந்த மாணவியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு ஆளாவது கேட்டதே!

"எடுத்துக்கலாம். ஆனா எனக்கு அப்படித் தோணல" என்றார் பேராசிரியை. "இது காதலனோட கிளம்பிப் போன பொண்ணுக்கு அம்மா அழுற பாட்டு. செருப்பை ஏன் விட்டுட்டுப் போனா? போட்டா சத்தம் கேக்கும், அம்மா முழிச்சுப்பா. அவ வளந்துட்டா, அம்மா கண்ணுக்குத்தான் இன்னும் சிறுமகள். காடு கல்லும் நெருப்புமாத்தான் இருக்கும். ஆனா காட்டைத் தாண்டினா ஒரு ஊர் இருக்கும், அங்க அவனுக்கு ஒரு வீடு இருக்கும். கால் கொப்பளிச்சிருக்கும், அவ்வளவுதான். இந்நேரம் அவளுக்கே குழந்தை பிறந்திருக்கும். இது தெரியாமத்தான் பாவம், அந்த அம்மா வாசல்ல உக்காந்து அழுதுட்டிருக்கா."

பிள்ளைகள் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான், மனசு இளகிச் சிரித்தது. காப்பி அக்காவுக்குக் கோபம் வந்தது. எழுந்து, பொய், அவள் என் தோளில் இருந்தாள், செருப்பு கேட்டாள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிஷமே பேராசை வந்தது. கால் கொப்பளித்து, காட்டைத் தாண்டி, சொந்த வீட்டில் பிள்ளையோடு இருக்கிறாளாமே! இவர்கள் இத்தனை பேரும் அப்படித்தான் படித்து எழுதப்போகிறார்கள். தன் ஒரு வரி போய் அந்த வீட்டிலிருந்து அவளை இழுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடத்திவிடும்.

வகுப்பு கலைந்தது. பேராசிரியை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா. புத்தகத்துல ஏதாவது சேக்கணுமா?"

"அந்தப் பொண்ணு நல்லா இருப்பாளா?"

பேராசிரியை அவள் முகத்தைப் பார்த்தார். "இருப்பாம்மா."

"அப்ப ஒண்ணும் சேக்க வேண்டாம்" என்றாள் காப்பி அக்கா. "இருக்கிறபடியே போட்டுடுங்க."

திரும்பும் வழியில், வீட்டுத் தெருவுக்குத் திரும்புகிற முனையில் செருப்புக் கடை. எத்தனையோ நாள் தாண்டிப் போன கடைதான். அன்றைக்கு உள்ளே ஏறிவிட்டாள்.

"வாங்கம்மா. யாருக்கு?"

"பொண்ணுக்கு."

"என்ன அளவு?"

அலமாரி நிறையச் செருப்பு, பெரியவர்கள் அளவில் வரிசை வரிசையாக. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். காட்டைத் தாண்டிப் போன அந்தக் கால் இப்போது எவ்வளவு இருக்கும் என்று எப்படிச் சொல்வாள்?

"தெரியலப்பா" என்றாள்.

"அதனால என்னம்மா, பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, போட்டுப் பாத்தே எடுத்துக்கலாம்" என்றார் கடைக்காரர்.

சரி என்று தலையாட்டிவிட்டு, வாசலில் கழற்றிப் போட்டிருந்த தன் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.