முழுக் கோப்பை சைராகுல்

இன்று சைராகுலுக்குப் பதினொரு கடைகள். எல்லாக் கடையிலும் ஒரு ஜன்னல், நாலே நாற்காலி, காகிதக் கோப்பையில் ததும்பத் ததும்பத் தேநீர். அந்த முதல் பத்து நாளை நினைத்தால் எனக்கு இன்னமும் கை பரபரக்கிறது. ஓஷ் நகர வேன் நிலையத்தில் அவளுடைய முதல் அடுப்பில் கறிச் சம்சா சுட்டவன் நான்தான்.

நாலு வருஷம் மாஸ்கோவில் ஒரு பர்கர் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். “அண்ணே, கேட்ட ஒரு நிமிஷத்துல சூடா கையில கொடுக்கணும். வாங்கினவன் நடந்துகிட்டே தின்னணும்” என்றாள். ஒரு தேநீருக்கு அரை நாள் உட்காருகிற ஊரில் இப்படிப் பேசுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இடத்துக்காரர் ஹபிபுல்லாவும் சிரித்தார்.

“பத்து நாள் பார்ப்பேன். கூட்டம் வரலைன்னா இந்த இடம் செல்போன் உறை விக்கிறவனுக்கு.”

கடை போனால் அவள் மறுபடி மாஸ்கோவுக்கு ரயிலேற வேண்டும், ஆறு வயது மகளை மறுபடி அக்கா வீட்டில் விட்டுவிட்டு. அந்தக் குழந்தை அப்போதுதான் அவளை அம்மா என்று கூப்பிடவே ஆரம்பித்திருந்தது.

முதல் நாள் முதல் ஆள், பக்கத்து ஊர் உஸ்கெனுக்கு வேன் ஓட்டும் தொக்தோசுன். கோப்பை மூடியைத் திறந்தார். விளிம்பு வரை தேநீர். முகம் சுருங்கிவிட்டது.

“நான் என்னம்மா தப்புப் பண்ணேன்? வந்ததும் வராததுமா கிளம்புன்னு சொல்றே?”

சம்சாவையும் தொடாமல் போய்விட்டார். எங்கள் வழக்கத்தில் விருந்தாளிக்கு இரண்டு மடக்குதான் ஊற்றுவோம். குடிக்கக் குடிக்க மறுபடி ஊற்றுவோம், இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று. நிரம்ப ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த இதை மாஸ்கோவில் தொலைத்துவிட்டு வந்திருந்தாள்.

“மறந்தே போச்சே அண்ணே” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அரைக் கோப்பை. ஓட்டுநர்களுக்கு ஏக சந்தோஷம். நாலு நாற்காலியிலும் நாலு பேர் உட்கார்ந்து, ஏழெட்டுத் தடவை கோப்பையை நீட்டி, ஊர்க்கதை எல்லாம் பேசினார்கள். பின்னால் நின்ற பயணிகள் வெறுங்கையோடு போனார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஒன்பதாம் நாள். தொக்தோசுன் வேனில் ஒரே ஒரு சீட் காலி. நிரம்பாமல் எங்கள் ஊரில் எந்த வேனும் நகராது. உள்ளே இருந்தவர்கள் கத்த, மனிதர் ஒரு மணி நேரமாக வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். சைராகுல் ஜன்னல் வழியாக அவரையே பார்த்தாள். சட்டென்று ஒரு கோப்பையை விளிம்பு வரை நிரப்பினாள், சம்சாவைப் பையில் போட்டாள், வெளியே ஓடினாள். மறுபடியும் முழுக் கோப்பையா என்று நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

“ஆமாண்ணே, கிளம்புங்கன்னுதான் சொல்றேன். நீங்களும் அதுக்குத்தானே தவிக்கிறீங்க?”

“ஒரு ஆள் குறையுதே, தங்கச்சி.”

அவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். “இவர் வர்றார்.”

“அடுப்புல சம்சா கருகிடும்டி!”

“நான் பார்த்துக்கறேன், ஏறுங்க.”

கையில் மாவோடு என்னைக் கடைசி சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வேன் பறந்தது. உஸ்கென் வரைக்கும் தொக்தோசுன் அந்தத் தேநீரைக் குடித்துக் குடித்துச் சிரித்தார். முழுக் கோப்பை வந்ததும் வேன் நிரம்பிய கதையை அங்கேயும், திரும்பி வந்து எங்கள் நிலையத்திலும் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார்.

பத்தாம் நாள் காலையில் ஜன்னல் முன்னால் ஓட்டுநர் பட்டாளம். “எனக்கு முழுசா ஊத்து தங்கச்சி, வண்டி சீக்கிரம் ரொம்பட்டும்.” அரைக் கோப்பை கிடைத்தவன் சண்டைக்கு வந்தான். வாங்கினவன் நிற்காமல் ஓட, அடுத்தவன் வந்தான். அவனைப் பார்த்துப் பயணிகளும் வரிசையில் நின்றார்கள். கை இரண்டிலும் சூடு பட்டும் நான் பாடிக்கொண்டே சம்சா எடுத்தேன். அப்படி ஒரு நாள் என் ஆயுசில் வந்ததில்லை.

நடுமதியம் ஹபிபுல்லா, செல்போன் உறைக்காரனையும் கூட்டிக்கொண்டு முட்டி மோதி உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தேநீர் கொடும்மா, உட்கார்ந்து பேசுவோம்.”

சைராகுல் ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். மூடி போட முடியாத அளவுக்கு நிரம்பிய கோப்பையை இரண்டு கையாலும் மரியாதையாக அவர் முன்னால் வைத்தாள். அவர் கோப்பையைப் பார்த்தார். வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார்.

“எனக்கு ஏதும்மா வேன்?” என்றார், மெல்ல.

“தெரியும்ண்ணே” என்றாள். இன்னொரு கோப்பையை எடுத்து, செல்போன் உறைக்காரனுக்கும் விளிம்பு வரை ஊற்றினாள்.