சாயங்கால மாத்திரை

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். பட்டினச்சேரிக் கரையில் படகை ஏற்றும்போது அவர் போடுகிற சத்தம் நாலு தெரு தள்ளி அடுப்படியில் நிற்கும் எனக்குக் கேட்கும். ஆள் வந்தாச்சு என்று குழம்புக்குப் புளியைக் கரைக்க ஆரம்பித்துவிடுவேன். கல்யாணமான புதிதில் அந்தத் தொண்டையை எத்தனை முறை திட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இப்போது அவர் ஒரு வாக்கியத்தை மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார். அந்தப் பழைய சத்தத்துக்காக நான் ஏங்குகிற ஏக்கத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே போகும் நோய் என்றார்கள். ஏன் வருகிறது என்று சரியாகத் தெரியாதாம். சில குடும்பங்களில் கூடப்பிறந்தவர்களுக்கும் வருமாம். எங்கள் வீட்டில் முதலில் மூத்தாருக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, வந்தது. இரண்டு வருஷம் கழித்து இவருக்கு. அண்ணனும் தம்பியும் ஒரே பைபர் படகில் கடலுக்குப் போனவர்கள், ஒரே தெருவில் குடியிருந்தவர்கள். நோயிலுமா ஒற்றுமை என்று ஒருநாள் நான் எரிச்சலில் கேட்டதற்கு இரண்டு பேருமே சிரித்தார்கள், பிறகு இரண்டு பேருமே இருமினார்கள்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்குப் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று காரைக்கால் டாக்டர்தான் சொல்லி அனுப்பினார். விடியற்காலை பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மூத்தாரின் நுரையீரல் அளவுக்கு மீறிக் கெட்டுவிட்டது, அவரை இந்த ஆய்வில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூத்தார் "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, எங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கையெழுத்துப் போடக் கொடுத்த படிவத்தை நான் ஒரு வரி விடாமல் படித்தேன். அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, வேறெப்படி இருப்பேன். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. உயிர் விஷயத்தில் குலுக்கல் போடுகிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆய்வைக் கவனித்துக்கொண்ட பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள், பொறுமையாக விளக்கினாள். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியுமாம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மாதம் ஒருமுறை வந்து குழாயில் ஊத வேண்டும், தாழ்வாரத்தில் ஆறு நிமிஷம் நடந்து காட்ட வேண்டும், மிச்ச மாத்திரையோடு டப்பாவைத் திருப்பித் தர வேண்டும்.

மூன்றாம் மாதம் அவர் முதல் மாதம் நடந்த அதே தூரத்தை நடந்தார். மோசமாகவில்லை என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தைக்காக நான் கடலூர் வரைக்கும் பஸ்ஸில் தானாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பொங்கலுக்குள் பழையபடி பேசுவார், அடுத்த மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் கடலுக்குப் போவார் என்று நானாக ஒரு கோட்டை கட்டிக்கொண்டேன். ஐந்தாம் மாதம் தூரம் குறைந்தது. ஆறாம் மாதம் இன்னும் குறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்தாருக்கு ரசம் சாதம் கொண்டுபோனேன். என் ஓரகத்தி மீன் விற்கப் போயிருந்தாள். ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலையணையை நிமிர்த்தி வைத்தபோது ஒரு காகித மடிப்பு கீழே விழுந்தது. உள்ளே ஒற்றை மாத்திரை, எங்கள் டப்பாவில் இருக்கும் அதே ரோஸ் நிறம்.

"தம்பி எனக்கும் சேத்துதான் வாங்கிட்டு வருதும்மா," என்றார் மூத்தார். "இப்பதான் படுத்துத் தூங்க முடியுது."

சாயங்காலம் ஆனால் காற்றாடப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் அண்ணன் வீட்டுக்குப் போனது எதற்கென்று அப்போது விளங்கியது. அவர்கள் படகில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பு முடியாமல் கரையில் கிடப்பவனுக்கும் அன்றைக்குப் பட்ட மீனில் ஒரு பங்கு போய்விடும். கடலுக்கு வந்தானா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதை மருந்துக்கும் செய்திருக்கிறார் மனுஷன். வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அண்ணன் பாத்துக்கிட்டு கெடக்கு. நான் மட்டும் எப்படி ரெண்டையும் முழுங்குறது?"

எனக்கு அவர் மூச்சு வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் மதியம் அலுவலகத்தின் பின்பக்கம் போய், ஆய்வைக் கவனித்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, அவரைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள், நான் சொன்னதாக மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள் என்றேன். எங்கள் அலுவலகத்தில் புகார் போனால் ஒரு மெமோ வரும், ஆள் ஒரு மாதம் ஒழுங்காக இருப்பார், அதோடு முடிந்தது. ஆஸ்பத்திரியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். எத்தனை நாளாக என்று மட்டும் அவள் கேட்டாள்.

அடுத்த முறை போனபோது யாரும் கண்டிக்கவில்லை. டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க முழுசா சாப்பிட்டதாத்தான் நாங்க எழுதியிருக்கோம். நாளைக்கு எத்தனையோ பேருக்கு இந்த மருந்தக் குடுக்கலாமா வேணாமான்னு அத நம்பித்தான் முடிவு பண்ணுவோம்," என்றார். பரிசோதிக்காத ஒருவருக்கு அதைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்றும் சொன்னார். வழக்கமான சிகிச்சை தொடரும், ஆனால் ஆய்வில் இனி அவர் இல்லை. அந்தப் பெண் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டாள். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்திருப்பார்கள் போல என்று பஸ்ஸில் நான்தான் சொன்னேன். இருக்கும் என்றார் இவர்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு மாத்திரையும் கிடைக்க வேண்டும் என்று போனேன், இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டு வந்தேன். மூத்தார் அதன் பிறகு படுத்துத் தூங்கவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். அந்தத் தடைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

போன வருஷம் அந்தப் பெண் போன் செய்தாள். ஆய்வு முடிந்துவிட்டது, மருந்து வேலை செய்கிறது. போன மூச்சைத் திருப்பித் தராது, இருக்கிற மூச்சைப் பிடித்து வைக்கும். இப்போது யாருக்கு வேண்டுமானாலும் டாக்டர் எழுதித் தரலாம், அவரை அழைத்து வாருங்கள் என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது, பாதிதான்.

டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு மருந்து எழுதினார். காத்திருந்தவர்களில் ஒரு சின்ன வயதுக்காரி நிறைமாதமாக இருந்தாள், புருஷனுக்காக வந்திருந்தாள். அவள் கையிலும் அதே சீட்டு. அவளைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே நன்றாக இருந்தது. பிறகு டாக்டர் கேட்டார், அப்போது உங்கள் டப்பாவில் இருந்தது மருந்தா, வெறும் மாத்திரையா என்று இப்போது சொல்லலாம், தெரிந்துகொள்கிறீர்களா என்று. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேணாங்க டாக்டர்," என்றார்.

சிதம்பரம் தாண்டும் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன். அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்ளக் காத்திருந்தார்.

"மருந்துன்னு சொல்லிட்டா... நீ அப்புறம்... தூங்கமாட்டே."

எப்போதிருந்து தெரியும் என்றேன்.

"அன்னைக்கே. அந்தப் பொண்ணு... உன் மூஞ்சியப் பாக்கவே இல்ல."

"அண்ணனுக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கே... மருந்து வரலன்னு... சொல்லிட்டேன்."

பஸ்ஸில் ஆள்கள் இருந்தார்கள். அதையெல்லாம் பார்க்காமல் அழுதேன். மூத்தார் கடைசி வாரத்தில் நான் ஊட்டிய கஞ்சியில் நாலு கரண்டி குடித்துவிட்டு, மூச்சுக்குத் தவித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, நீ நல்லா இருக்கணும்மா என்றார்.