தபால்தலைக்கு அடியில் நான்காவது வரி

சிறுவயதில் என் பென்சிலை யாராவது சீவித் தந்தால், ஸ்கேலை வைத்து நீளத்தை அளந்துவிட்டுத்தான் திரும்ப வாங்குவேன். யாரையும் நம்பாத பிள்ளை என்று வீட்டில் எனக்குப் பெயர். அப்படிப்பட்ட என்னையே ஒருத்தி ஒரு வருடமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த ஒருத்தி என் சித்தி.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் கடலைக் கொல்லையும் இருந்தன. அப்பாவின் தம்பி, கல்யாணமான நான்காம் மாதமே மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். சித்தி எங்களோடு இருந்தாள். வீட்டில் போன் கிடையாது, கடிதம்தான். கடிதம் வந்த அன்று சாயங்காலம் சித்தி கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். சித்தப்பா என்ன எழுதினாலும் எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சு இல்லை. ஒரு கடிதத்தில் சித்தியை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிடச் சொல்லியிருந்தார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் மறுவாரமே சித்தி ஆலங்குடிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

எங்கள் தெருவில் இன்னொரு வீட்டிலும் ஒருவன் வெளிநாட்டில் இருந்தான். அவன் கடிதம் போடுவதை நிறுத்தினான். ஆறே மாதத்தில் அவன் பெண்டாட்டியைப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா இதைச் சித்தி காதில் விழும்படி அடிக்கடி சொல்வாள். ஏன் சொல்கிறாள் என்று நான் யோசித்ததில்லை. என் கவலையெல்லாம் உறையில் ஒட்டியிருந்த தபால்தலை மேல்தான்.

முழு உறையைச் சித்தி என் கையில் தந்ததே இல்லை. தபால்தலையை முத்திரையோடு சேர்த்துச் சதுரமாக வெட்டித்தான் தருவாள். கடிதத்தைப் போஸ்ட்மேன் கொண்டுவந்து தருவதும் இல்லை. வகுப்புக்குப் போகும் வழியில் தபாலாபீஸில் தானே வாங்கிக்கொண்டதாகச் சொல்வாள். இதெல்லாம் எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனாலும் தபால்தலைப் படங்களாகக் கையில் கிடைக்கிற பூவையும் பழத்தையும் பட்டாம்பூச்சியையும் விட மனசில்லாமல் பேசாமல் இருந்தேன்.

ஆறாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சி வந்தது. ஒவ்வொரு தபால்தலைக்கு அடியிலும் நான்கு வரியில் லேபிள் ஒட்ட வேண்டும் என்று டீச்சர் சொன்னார். நாடு, படம், மதிப்பு, நான்காவதாக முத்திரையில் இருக்கும் தேதி. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை. சித்தி தானாகவே முன்வந்தாள்.

“நான் அடிச்சுத் தாரேன். இன்ஸ்டிட்யூட்ல தமிழ் மிசின் இருக்கு.”

இரண்டே நாளில் லேபிள்கள் வந்தன. எழுத்தெல்லாம் அச்சுப் போட்டது மாதிரி இருந்தது. ‘மலேசியா. செம்பருத்திப் பூ. இருபது சென்.’ திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று வரிதான்.

“தேதி எங்க சித்தி?”

“அது எதுக்கு? ஒழுங்காத் தெரியாது. கண்ணுதான் வலிக்கும்.”

வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் ஏதோ இருக்கிறது என்பது என் கொள்கை. பள்ளியிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டுக்குப் பின்னால் வைக்கோல்போர் நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு முத்திரையாகப் படித்து, லேபிள்களின் அடியில் நான்காவது வரியைப் பேனாவால் எழுதினேன். பொங்கலுக்கு வந்த கடிதத்தின் செம்பருத்தியில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது. போன மாதம் வந்த பட்டாம்பூச்சி அதற்கும் இரண்டு மாதம் பழையது. பதினோரு தபால்தலைகளில் ஒன்றுகூட அந்த வருடத்தது இல்லை. சித்தப்பா கடிதத்தைத் தேங்காய் மட்டையில் கட்டிக் கடலில் மிதக்கவிட்டிருந்தால்கூட அதற்குள் வந்திருக்கும்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீமிசலில் சித்திக்கு ஓர் அக்கா மகன் இருந்தான். அவனும் தபால்தலை சேர்க்கிறவன். புதுசையெல்லாம் அவனுக்கு அனுப்பிவிட்டு, பெட்டிக்குள் கிடந்த பழசை எனக்குத் தருகிறாள். வகுப்பு முடித்து வந்த சித்தி வழக்கம்போல எனக்குக் கடலைமிட்டாய் நீட்டினாள். அதற்கும் உள்நோக்கம் இருக்கும் என்று நான் வாங்கவில்லை.

சாட்சி வேண்டுமே. மறுநாள் போஸ்ட்மேன் சைக்கிளை மறித்தேன்.

“எங்க சித்திக்கு மலேசியாவுல இருந்து லெட்டர் வந்தா ஏன் வீட்டுல குடுக்க மாட்டேங்கிறீங்க?”

“வந்தாத்தானே பாப்பா குடுக்க? ஒங்க சித்திக்கு லெட்டர் வந்து ஒன்றரை வருசம் இருக்கும். தபாலாபீஸ்லயும் ஒன்னும் கெடக்கல” என்று சொல்லிவிட்டு அவர் பெடலை மிதித்தார்.

இந்த ஆளும் கூட்டு என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சித்தி முற்றத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஆல்பத்தையும் பூதக்கண்ணாடியையும் அப்பா முன்னால் வைத்தேன்.

“சித்தி என்னைய ஏமாத்துறாங்கப்பா. இது பொங்கலுக்கு வந்த லெட்டரு. தேதியப் பாருங்க. இது போன மாசம் வந்தது. இதையும் பாருங்க. போஸ்ட்மேன் என்னடான்னா லெட்டரே வரலைங்கிறாரு.”

சித்தியின் கை நின்றது. அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டினார். சில முத்திரைகளைக் கண்ணாடி வைத்தும் பார்த்தார். டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்க்கச் சொன்ன கடிதத்தின் தபால்தலை முதல் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்துக்கு மறுபடி வந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்துப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. சித்தி அழப்போகிறாள் என்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

“அம்மாகிட்ட சொன்னியா?”

“இல்லப்பா.”

“சொல்ல வேணாம். போயி என் ஷேவிங் பிளேடையும் ஸ்கேலையும் எடுத்துட்டு வா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா ஒவ்வொரு லேபிளிலும் ஸ்கேலை வைத்து, நான் எழுதிய நான்காவது வரியை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்தார். முத்திரைகளில் தேதி இருந்த ஓரங்களையும் விடவில்லை. தென்னை மட்டை வெட்டிப் பழகிய கை. அன்று ஒரு கோடுகூடப் பிசகவில்லை. டீச்சர் மார்க் குறைப்பார் என்று நான் கத்தினேன். தரையில் புரண்டும் பார்த்தேன். துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டிக்கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிட்டு வந்தார்.

கண்காட்சியில் எனக்குப் பரிசு இல்லை. தேதி இல்லை என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். நான் சித்தியோடு பேசுவதை நிறுத்தினேன். அப்பாவோடும் பாதிதான் பேசினேன்.

அதற்குப் பிறகு கடிதமும் வரவில்லை. சித்தி சாப்பாடு குறைந்து இளைத்துப்போனாள். டைப்ரைட்டிங் பரீட்சை முடிந்து, தேறியும்விட்டாள். ரெண்டு மாசமா லெட்டர் இல்லையே, என்ன ஏதென்று சித்தியின் அண்ணன்களை வரச்சொல்லிப் பேசிவிடலாம் என்று அம்மா ஆரம்பித்தாள். ஒருநாள் எல்லோரும் கூடத்தில் இருக்கும்போதும் அதே பேச்சை எடுத்தாள்.

அப்பா சித்தியைப் பார்த்து, “ஏம்மா, தம்பி லெட்டரு வந்துச்சே, இன்னும் வாசிக்கலையா?” என்றார்.

சித்தி திகைத்து நின்றாள். பிறகு உள்ளே போய் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சுகம், வேலை அதிகம், எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். நான்கு வரியில் நிறுத்திவிட்டாள்.

“அவ்வளவுதானா? மேல படிக்கிறதப் பத்தி ஒன்னும் எழுதலையா?”

சித்தி தாளை மடிக்கப் போனாள்.

“நல்லாப் பாரும்மா. பின்பக்கம் எழுதியிருப்பான்.”

சித்தி தாளைத் திருப்பினாள். கோபத்தை மறந்து நான் எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. அவள் அதைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, “புதுக்கோட்டையில டீச்சர் டிரெயினிங்ல சேத்துவிடச் சொல்லி எழுதியிருக்காங்க” என்றாள். அதற்குமேல் முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அவன் சொன்னா சரிதான்” என்று அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

வெற்றுத் தாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தனை தேதியை எழுதிக் காட்டியும் இந்த மனுஷனுக்கு ஒன்றுமே புரியவில்லையே, எங்கள் அப்பா இவ்வளவு பெரிய ஏமாளியா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.