இரவல் நாற்காலி

ஐம்பதுகளில் விவசாய சங்கத்துக்காக ஊர் ஊராக நாடகம் போட்டோம். எழுதுவது நான், நடிப்பது அந்தந்த ஊர்க்காரர்கள். கறம்பக்குடி பக்கத்து ஊர் ஒன்றில் பண்ணையார் வேடம் போட்டவர், நிஜப் பண்ணையாரின் நிலத்தை, விளைச்சலில் பங்கு அளந்து, வாரத்துக்கு உழுதுவந்தவர். அதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

வேடத்துக்குக் கைவைத்த நாற்காலி வேண்டும். அந்த ஊரில் அது பண்ணையார் வீட்டில் மட்டும்தான் இருந்தது. சங்கச் செயலாளர் போய்க் கேட்டார். புராண நாடகம் என்று நினைத்துப் பண்ணையாரும் கொடுத்தனுப்பினார்.

பெட்ரோமாக்ஸ் கிடைக்காததால் வெளிச்சம் இருக்கும்போதே களத்தில் தொடங்கினோம். மேடையிலிருந்து எல்லோர் முகமும் தெரிந்தது. முதல் காட்சிக்குச் சற்று முன் நிஜப் பண்ணையார் வந்தார். ஆள் கொண்டுவந்த பெஞ்சில், எல்லோருக்கும் முன்னால் அமர்ந்தார்.

என் பிரதியில், பண்ணையார் உட்கார்ந்து கால்மேல் கால் போட்ட பிறகுதான் முதல் வசனம். நடிகர் மேடைக்கு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டப்போனவர், பாதியில் கையை நிறுத்திக்கொண்டார்.

"உக்காருங்க மாமா." எதிரே கைகட்டி நின்ற குடியானவர் வேடக்காரர் கிசுகிசுத்தார். அவர் இவருடைய அக்காள் மகன்.

"நின்னுக்கிட்டே பேசிர்றேன் மாப்ள."

கூட்டத்தில் ஒரு பெண், "பண்ணையாருக்கு உக்கார்ற எடத்துல கட்டியாக்கும்!" என்றாள். சிரிப்பு எழுந்தது. பெஞ்சைப் பார்த்ததும் அடங்கியது.

பண்ணையார் கேட்டார்: "என்னடா, எங்க வீட்டு நாற்காலி முள்ளாக் குத்துதா?"

"இல்லீங்க."

நடிகர் முன்னால் வந்து உட்கார்ந்தார். காலை மெல்லத் தூக்கி மற்றக் காலின்மேல் போட்டார். அக்காள் மகனைப் பார்க்காமல் நேரே பெஞ்சைப் பார்த்து வசனத்தைச் சொன்னார்: "அடுத்த போகத்துக்கு நீ ஏர் பூட்ட வேண்டாம்."

கைதட்டல் ஓய்வதற்குள் பண்ணையார் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அக்காள் மகனும் நானும் நாற்காலியைத் திருப்பிக் கொண்டுபோனோம். வாசலிலேயே கணக்குப்பிள்ளை தடுத்தார்.

"ஐயா இனி அதுல உக்கார மாட்டாங்க. ஒங்க மாமனையே வச்சுக்கச் சொல்லு."

"நெலம்?"

"அதான் நாற்காலி குடுத்தாச்சுல்ல."

திரும்பும் வழியில், பண்ணையார் வேடம் போட்டவர் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். அக்காள் மகன் தலையில் நாற்காலி வருவதைப் பார்த்ததும் மண்வெட்டியை நிறுத்தினார். எங்களை நெருங்க விட்டு என்னிடம் கேட்டார்:

"நீங்க எழுதுன வசனத்தையே சொல்லி அனுப்புனாங்களா?"