வெயிலில் பார்த்து வாங்கியது

நூர்ஜான் புடவையை உதறி விரிக்கும்போது லேசாக ஆடுவாள். இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் எங்கள் ஜவுளிக்கடைக்கு வருகிற பெண்களுக்கு அவள் இடுப்புக்கு மேலேதான் தெரியும். பிள்ளைக்கு ஏதோ நரம்புக் கோளாறு என்று இரண்டு பேர் என்னிடமே வருத்தப்பட்டிருக்கிறார்கள். பின்மூலையில் உட்கார்ந்து ரவிக்கை தைக்கிற எனக்கு மட்டும்தான் கவுண்டருக்குப் பின்னால் நடக்கும் கூத்து தெரியும். துணி தீர்ந்த கெட்டி அட்டைக் குழல் ஒன்று தரையில் உருளும். அதன்மேல் ஒரு பலகை. பலகைமேல் நூர்ஜான்.

பயிற்சியாம். அறுபத்தெட்டில் பிறந்தவள், இருபத்தாறு வயது. ஞாயிறு காலையில் எஸ்பிளனேட் கடற்கரைக்குப் போய் ஸ்கேட்போர்டில் ஏறிப் பறப்பதுதான் அவளுக்கு உயிர். துடோங் முக்காட்டை ஊசியால் இறுக்கிக் குத்தி, நீளமான மேல்சட்டைக்குக் கீழே நான் தைத்த கால்சட்டையோடு கிளம்புவாள். முட்டியில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பல்லுக்கு என்ன வைத்துத் தைப்பது? போன மாதம் முன்பல்லில் பாதி போய்விட்டது.

கடை முதலாளி ஆயிஷா அவளுடைய அம்மா. சத்தம் போடுகிற ஆள் இல்லை. பல்லைப் பார்த்தார், பித்தளைப் பூண் போட்ட கஜக்கோலை எடுத்து மகளின் பலகையை அளந்தார். "சட்டைத் துணி சுத்த சரியா இருக்கும். இன்னொரு தடவ ரத்தத்தோட வந்து நின்னே, சக்கரத்தைக் கழட்டிப் போட்டுட்டு இதுல துணி சுத்திருவேன்" என்றார். சொன்ன கையோடு அலமாரியில் அதற்கு இடமும் ஒதுக்கிவிட்டார்.

பலகைமேல் குற்றமில்லை, டிரக்மேல்தான் என்பது நூர்ஜானின் கட்சி. பலகைக்கு அடியில், முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக, சக்கரங்களைத் தாங்குகிற உலோக அச்சுக்குத்தான் அந்தப் பெயர். அவளுடையது யாரோ போட்டுக் கழித்தது. பழைய அகலப் பலகைக்கு உரியது. "நடு ஆணி துருத்திட்டிருக்குதுக்கா. ஜாலான்ல, வெறும் தெருவுல ஓட்டறப்ப ஒண்ணுமில்ல. கல்லு விளிம்புல ஏறி அச்சைத் தேச்சிட்டுப் போறப்ப, அதுதான் மாட்டி ஆளைத் தூக்கி வீசுது லா." புதிது வாங்கியே ஆகவேண்டும். தப்பானதாக அமைந்தால் பலகை சட்டைத் துணிக்குப் போய்விடும். பாவம், சோறு இறங்காமல் கிடந்தாள்.

இந்த நூர்ஜானுக்கு உலகத்தில் ஒரே ஒரு வகை மனிதரைத்தான் பிடிக்காது. பார்த்துப் பார்த்து, வாங்காமல் போகிறவர்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் ஏறி வரும் சற்குணம் டீச்சர் அதில் முதல் ஆள். நாற்பது புடவையை விரிக்க வைத்துவிட்டு, "இதிலை கொஞ்சம் வெளிறின கலர் இருக்கோ பிள்ளை?" என்பார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்கவேண்டும் என்பார். "கடை சாமான் வெளிய போகக்கூடாது டீச்சர்" என்று நூர்ஜான் பல்லைக் கடிப்பாள், பாதிப் பல் போன பிறகும். "சரி, பிறகு வாறன்" என்று டீச்சர் குடையை எடுப்பார். அவர் தலை மறைந்ததும் இவள் என்னிடம் ஆரம்பிப்பாள்: "என்ன வேணும்னு மனசுல முடிவு பண்ணிட்டு கடைக்கு வரணும்க்கா. டியூப் லைட்டுல தெரியாததா வெயில்ல தெரியப்போவுது?"

கேம்பல் ஸ்ட்ரீட்டில் ஆ கியோங்கின் சைக்கிள் கடைக்கு என்னைத் துணைக்கு இழுத்துப் போனாள். "பத்தே நிமிஷம்க்கா." இரண்டு மணி நேரம் ஆனது. என் இஞ்சு டேப் அவள் கழுத்தில். அச்சு பலகையின் அகலத்துக்குச் சரியாக வரவேண்டுமாம். நீண்டால் காலில் தட்டும், குறைந்தால் தள்ளாடும். தாழ்வாக இருந்தால் பலகையைக் காலடியில் சுழற்றிப் பிடிக்க வசதி. ரொம்பத் தாழ்ந்தால் சக்கரம் பலகையில் உரசி நின்றுவிடும். நடுவிலிருக்கும் ரப்பர் வளையத்தைக் கத்தரிக்காயைப் போல அமுக்கிப் பார்த்தாள். கைக்கு ஒன்றாக வைத்துக் கண்ணை மூடி எடை பார்த்தாள். "லாயின் அடா, அங்கிள்?" என்று மலாயில் கேட்டாள். வேறு இருக்கிறதா என்று! உள்ளே ஒளித்து வைத்திருப்பீர்கள், எடுங்கள் என்றும் சொன்னாள்.

பதினொரு ஜோடி மேசையில் கிடந்தது. ஆ கியோங்கின் முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். எங்கள் கடையில், நாற்பதாவது புடவையின்போது, நூர்ஜானுக்கு இருக்கும் முகம். முந்தானையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

கடைசியில் ஒரு ஜோடி எல்லாவற்றுக்கும் பொருந்தியது. "இதுதான்க்கா" என்றவள், "ஒரு நிமிஷம், வெளிச்சத்துல பாத்துடறேன்" என்று எழுந்தாளே பார்க்கலாம்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அடியே, டியூப் லைட்டுல தெரியாததா வெயில்ல தெரியப்போவுது?"

காதில் விழாததுபோல் தெருவில் இறங்கினாள். ஆ கியோங் தடுக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அச்சு சேருமிடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். ஆ கியோங் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். உள்ளே போய், அதே வகையில் பெட்டி பிரிக்காத ஜோடி ஒன்றைக் கொண்டுவந்தார். அதையும் வெயிலில் பார்த்தாள். இந்தத் தடவை அவரே தெருவில் இறங்கி, கரேத்தா வண்டி எதுவும் அவளை இடித்துவிடாமல் மறித்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆயிஷாவும் எஸ்பிளனேடுக்கு வந்தார், கையில் கஜக்கோலோடு. நூர்ஜான் வேகமாக வந்து எம்பிக் கல் விளிம்பில் ஏறினாள். கர்ரென்று தேய்த்துக்கொண்டே போனாள். மறுமுனையில் இறங்கி, நின்றாள். பல்லெல்லாம் இருந்தது, அந்தப் பாதி உட்பட. நான் அழுதேவிட்டேன். அம்மாக்காரி குனிந்து, கல்லில் விழுந்த வெள்ளைக் கீறலைக் கஜக்கோலால் அளந்தார்.

"ரெண்டே கால் கஜம். ஒரு பாவாடைக்கு ஆவும்" என்றார். மறுநாள் அலமாரியின் அந்தக் காலி இடத்தில் லுங்கிகளை அடுக்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சற்குணம் டீச்சர் வந்தார். நாற்பது புடவை விரிந்தது. "சரி பிள்ளை, பிறகு வாறன்" என்று குடையை எடுத்தார்.

நூர்ஜான் அட்டைக் குழலிலிருந்து இறங்கினாள். மேல்தட்டிலிருந்து நாற்பத்தொன்றாவதை உருவி எடுத்துக்கொண்டு, டீச்சருக்கு முன்னால் வாசலுக்குப் போய், தெரு வெயிலில் அதை முழுசாக விரித்துப் பிடித்தாள்.