படிவத்தில் இல்லாத சைக்கிள்

1. ஆறு மாதத்தில் அடிக்கல்

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் நான் படவரைஞராக வேலைக்குச் சேர்ந்தேன். யாழ்ப்பாண நகரத் திட்டங்களைக் கீறும் பிரிவு அப்போது ஒரு பழைய அரசாங்கக் கந்தோரின் மேல்மாடியில் இருந்தது. முதல் நாள் சைக்கிளைக் கீழே சுவரோடு சாத்திவிட்டு மேலே போனேன். பொறியியலாளர் மகாலிங்கம் சேர் என்னை நிமிர்ந்தும் பார்க்காமல் ஒரு சுருளை மேசையில் உருட்டிவிட்டார்.

"புதுப் பஸ் ஸ்ராண்ட். வடிவாக் கீறும் பிள்ளை. ஆறு மாதத்திலை அடிக்கல் நாட்டுறம்."

ஆறு மாதமாம்! அந்த ஆறு மாதம் எனக்குப் பன்னிரண்டு வருடம் ஓடியது.

குறை சொல்லக்கூடாது, நல்ல பிளான். பன்னிரண்டு பஸ் நிற்க இடம், சனம் இருக்க வாங்கு, தண்ணீர்க் குழாய், தேநீர்க் கடை, ரைம் கீப்பருக்குக் கண்ணாடி போட்ட அறை. இருக்கிற இடத்தில் பஸ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றதால் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. ஆனால் அது கொழும்புக்குப் போகும், கேள்வியோடு திரும்பி வரும். கூரையின் சரிவு போதாது என்றார்கள். மலசலகூடத்தைத் தெற்கே மாற்று என்றார்கள். மாற்றி அனுப்பினால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டு வந்தது. இங்கே கூட்டம் வைத்தால் ஒரு பகுதி சந்தைக்குக் கிட்ட வேண்டும் என்னும், மறு பகுதி ஆசுபத்திரிக்குக் கிட்ட வேண்டும் என்னும். வடையும் தேத்தண்ணியும் முடிய கூட்டமும் முடிந்துவிடும். இடையில் சண்டை வந்தது, கோப்பு தொலைந்தது, பொறியியலாளர் மட்டும் மாறவில்லை. நான் அந்தப் பிளானை நான்கு தரம் முழுதாகக் கீறினேன்.

2. கோப்பாய்ச் சந்தியில் மூன்று பேர்

தொண்ணூறுக்குப் பிறகு மின்சாரம் இல்லை, டீசல் இல்லை. ஓடக்கூடிய பஸ்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவையும் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. வல்வெட்டித்துறையிலிருந்து கோப்பாய் வழியாக யாழ்ப்பாணம் வரும் காலை பஸ் அதில் ஒன்று. அது பாதி வெறுமையாக வருகிறது, நிறுத்திவிட்டு எண்ணெயை வேறு றோட்டுக்குக் கொடுப்போம் என்று கூட்டத்தில் முடிவெடுக்கப் பார்த்தார்கள். அதற்கு முதல் ஒரு கணக்கெடுப்பு வேண்டுமாம். கோப்பாய்ச் சந்தியில் நின்று எண்ணுவதற்கு என்னையும், குருநகரைச் சேர்ந்த ரைம் கீப்பர் அந்தோனிப்பிள்ளை அண்ணையையும் அனுப்பினார்கள்.

கையில் பழைய அச்சடித்த படிவம். பஸ், வான், கார், லொறி, மாட்டுவண்டி என்று கட்டங்கள். கார்க் கட்டத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. பெற்றோல் மணத்தையே மறந்துபோயிருந்தோம்.

பஸ் வந்தது. மூன்றே மூன்று பேர் ஏற வந்தார்கள். அதில் ஒருவர் பொல்லு ஊன்றி நடக்கும் தவமணி ரீச்சர். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். சிறுவயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப் போயிருந்தது.

"என்ன பிள்ளை எண்ணுறியள்?" என்று கேட்டார்.

"பஸ்சிலை ஏறுற ஆக்களை, ரீச்சர்."

"எண்ணி?"

மறைக்க மனம் வரவில்லை. "ஆக்கள் காணாட்டி பஸ்ஸை நிப்பாட்டப் போயினம்."

ரீச்சர் மிதிபலகையில் வைத்த காலைத் திரும்ப எடுத்தார். "நிப்பாட்டினால் நானும் வேலையை விடவேண்டியதுதான். இந்தக் காலோடை நான் சைக்கிள் மிதிக்கிறதோ? ஒவ்வொரு நாளும் என்னை ஏத்திக்கொண்டு போக வீட்டிலை ஆர் இருக்கினம்? இவ்வளவு காலம் படிப்பிச்சுப்போட்டு மூலைக்குள்ளை குந்தச் சொல்லுறியளோ?"

நடத்துநர் மணியடித்தார். ரீச்சர் ஏறி யன்னலோரம் இருந்துகொண்டு திரும்பவும் சத்தம் போட்டார்.

"சனம் இல்லை எண்டு மட்டும் எழுதிப்போடாதை! அங்கை பார், றோட்டு நிறையச் சனம் போகுது!"

பார்த்தேன். உரும்பிராய்ப் பக்கமிருந்து சைக்கிள்கள் விடாமல் வந்துகொண்டிருந்தன. பாரில் ஒருவர், கரியரில் ஒருவர், ஹாண்டிலில் வெங்காயப் பை. ஒரு மணித்தியாலமாக என் கண்ணுக்கு முன்னால்தான் போயிருக்கின்றன. படிவத்தில் இல்லாததால் நான் அவற்றைப் பார்க்கவேயில்லை.

"அண்ணை, இதுக்குள்ளை சைக்கிளுக்குக் கட்டமில்லை" என்றேன்.

"இல்லாட்டிக் கீறன். கீறுறதுதானே உன்ரை தொழில்" என்றார் அந்தோனிப்பிள்ளை அண்ணை.

கீறினேன். எண்ண எண்ணக் கோடு போட இடம் காணாமல் தாளின் பின்பக்கமும் நிறைந்தது. எண்ணியது போதாதென்று அண்ணை நடுறோட்டில் இறங்கி ஒரு சைக்கிளை மறித்தார். உரும்பிராய்த் தோட்டக்காரர் ஒருவர், கரியரில் மனைவி, ஆசுபத்திரிக் கிளினிக்குக்குப் போகிறார்கள். அந்த மனுசிக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"வருத்தக்காரியை ஏன் இப்பிடிக் குலுக்கிக்கொண்டு போறீர்? காலமை பஸ் ஓடுதெல்லே!"

"அப்ப சைக்கிளை ஆரின்ரை மடியிலை விட்டிட்டுப் போறது? உங்கடை மடியிலையோ?" அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ரயருக்கு யாழ்ப்பாணம் முழுக்க அலைஞ்சு கிடைக்கேல்லை. இதிலை சாத்திப்போட்டுப் போனால் பின்னேரம் பெல்லும் மிஞ்சாது. விடுங்கோ, நேரம் போகுது."

மறித்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தான் கொல்லைக்குப் போவதென்றாலும் சைக்கிளில் போகிறவன். பஸ் ஏற நடந்து வருவான் என்று யார் கனவு கண்டார்களோ தெரியாது. சைக்கிளில்தான் வருவான். அதை விட இடமில்லையென்றால் அப்படியே மிதித்துக்கொண்டு போய்விடுவான்.

கந்தோருக்குத் திரும்பி வழக்கம்போல் சைக்கிளைச் சுவரோடு சாத்தினேன். சாத்திய கை அப்படியே நின்றது. மேலே ஓடிப்போய் என் பிளானை விரித்தேன். வாங்கு இருந்தது, தேநீர்க் கடை இருந்தது, அழகுக்கு நான் கீறிய வேப்பமரம்கூட இருந்தது. சைக்கிள் விட இடம் இல்லை. ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வந்து, நான்கு தரம் கீறி, ஒரு தரம்கூட எனக்குத் தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. அன்றைக்கே தீர்மானித்தேன், அந்த பஸ்ஸை நிறுத்த விடுவதில்லை.

3. கீழே போய் எண்ணுங்கோ

கூட்டத்தில் என் படிவத்தைப் பார்த்த மகாலிங்கம் சேருக்கு முகம் சிவந்தது.

"பஸ்சிலை ஏறினது மூண்டு பேர். அதை மட்டும் வாசியும். படிவத்தை மாத்த உமக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

"சேர், இண்டைக்கு நீங்கள் எதிலை வந்தனீங்கள்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை நான் கூட்டத்தில் வாய் திறந்தவள் அல்ல. ஆனாலும் விடவில்லை.

"இஞ்சை இருக்கிற எல்லாரும் எதிலை வந்தனீங்கள்? கீழை போய் எண்ணிப்பாருங்கோ. சுவர் தெரியேல்லை. ஒண்டுக்கு மேலை ஒண்டாச் சாத்திக் கிடக்கு. சேரின்ரை சைக்கிள்தான் அடியிலை."

கதவடியில் நின்ற அந்தோனிப்பிள்ளை அண்ணை, "ஓம், நானும் பாத்தனான். இண்டைக்குச் சேர்தான் கடைசியா வீட்டை போவார்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி. சந்தியிலை சைக்கிள் விட இடம் ஒண்டு செய்து பஸ்ஸை நிரப்பிக் காட்டும். ஒரு மாதம் தாறன். சீமெந்து கேட்கக்கூடாது, ஆள் கேட்கக்கூடாது."

"வேண்டாம் சேர்" என்றேன்.

கோப்பாய்ச் சந்தியில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடும் ஒருவர் இருந்தார். விடிந்தால் பொழுதுபடும்வரை அந்த இடத்தை விட்டு அசையாத மனுசன். அவர் கடைக்குப் பின்னால் இருந்த வெறுங்காணியில் பனங்குற்றி நட்டுக் கிடுகு வேய்ந்தோம். காவல் அவர் பொறுப்பு. அடையாளத் துண்டுக்குத் தடித்த மட்டை எங்கும் கிடைக்கவில்லை. கந்தோரில் இருந்த தடித்த தாள் ஒன்றே ஒன்றுதான். என் நான்காவது பிளான்.

அதைக் கத்தரிக்கோலால் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினேன். ஒரே இலக்கத்தில் இரண்டிரண்டு துண்டு. ஒன்று ஹாண்டிலில் கட்ட, மற்றது சொந்தக்காரரின் கையில். இலக்கங்களை எழுதியது தவமணி ரீச்சர்.

முதல் நாள் வந்தது நான்கு சைக்கிள். இரண்டாம் நாளும் நான்கு. எனக்குச் சோறு இறங்கவில்லை. "நாலு பேரின்ரை பெல் பத்திரமா வீடு போய்ச் சேந்தால் நாப்பது பேர் வருவினம். பொறு" என்றார் ரீச்சர். அவர் கணக்குப் பிழைக்கவில்லை. மூன்றாம் கிழமை கொட்டிலுக்குள் இடமில்லாமல் வேலியோடும் சாத்தினார்கள். அந்த உரும்பிராய்த் தோட்டக்காரரும் மனைவியோடு வந்து, துண்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறினார்.

மாதக் கடைசியில் மகாலிங்கம் சேர் தானே சைக்கிள் மிதித்துப் பார்க்க வந்தார். பஸ் பிதுங்கிக்கொண்டு வந்தது. மிதிபலகையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தவமணி ரீச்சர் என்னை ஏசினார். "நல்லாய்ச் செய்தாய் பிள்ளை! உன்னாலை இண்டைக்கு எனக்கு இருக்க இடமில்லை!" உள்ளே யாரோ எழும்பி இடம் கொடுத்தார்கள். பஸ் போய்விட்டது. எனக்குக் கண் கலங்கியது.

தொண்ணூற்றைந்தில் நாங்கள் எல்லோரும் இடம்பெயரும்வரை அந்த பஸ் ஓடியது, ரீச்சரும் ஒரு நாள் தவறாமல் போய்ப் படிப்பித்தார். புதிய பஸ் நிலையத்துக்கு என் காலத்தில் ஒரு கல்லும் வைக்கவில்லை. இன்றைக்குப் பிளான் கீறுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பேனையை எடுக்க முதல், நீங்கள் வந்த வாகனத்தை எங்கே விட்டீர்கள் என்று ஒருக்கால் யன்னலால் எட்டிப் பாருங்கள்.

அந்த மாதக் கடைசியில் பார்க்க வந்த அன்றைக்குச் சேர் தன்னுடைய சைக்கிளையும் கொட்டிலில் விட்டு ஒரு துண்டு வாங்கினார். திருப்பிப் பார்த்தவர் திகைத்துப்போனார். பின்பக்கம் அவருடைய கையெழுத்தில் பாதி.

"பிள்ளை, இது எங்கடை பஸ் ஸ்ராண்ட் எல்லே?"

"ஓம் சேர். ஒரு மாதிரி, சனத்தின்ரை கையிலை குடுத்திட்டம்."