வலிக்கு முன்னாடியே கத்தும் தர்ஷினி

நான் ஆண் தாதி; குணமாக்க முடியாத பிள்ளைகளின் வீடு தேடிப் போய் வலியைக் குறைப்பது என் வேலை. ஆகவே ‘சுகமாயிட்டேன் சேர்’ என்று வாழைப்பழச் சீப்போடு யாரும் வந்து நிற்பதில்லை. நோயாளி வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்த அனைவரும் என் கட்சி.

அலறல்

கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் தர்ஷினி. பதினாறு வயது, காலெலும்பில் புற்றுநோய். வலி வருமுன்பே, நேரத்துக்கு நேரம் கரண்டியில் ஊட்டும் மோர்ஃபின் பாணி மருந்தைக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். பழக்கமாகிவிடும் என்று பயந்த அம்மா, மகள் அழுதால்தான் போத்தலைத் திறப்பார். ஒருநாள் நான் படியேறும்போது லயத்து வீட்டு வரிசையே அதிரும்படி அலறல். ஓடினேன். மருந்தை விழுங்கியவள், அம்மா கரண்டி கழுவப் போனதும் கண்ணடித்தாள்.

“நெசமா வலிச்சா கத்தத் தெம்பிருக்காது சேர். அதான் முன்னாடியே கத்திக்கிறேன்.”

டீவிச் சத்தம்

அம்மாவின் பயம் போகவில்லை. அதைப் போக்கத் தெரியாத நான் என்ன தாதி என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வருவேன். “புள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாதுங்க சேர்” என்று அம்மா என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கிசுகிசுப்பார். நானோ தர்ஷினியிடம், நோயைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமா என்று பக்குவமாகத் தொடங்கினேன்.

“அம்மா உங்ககிட்ட குசுகுசுன்னு பேசுறப்பல்லாம் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா டீவியக் கொறைச்சிருது. நாடகத்தையே விட்டுட்டுக் கேக்குதுன்னா, நான் பொழைக்க மாட்டேன்னுதானே சேர் அர்த்தம்?”

வேன்

அடுத்த முறை வாசலில் வேன் நின்றது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லியனுப்பிய அதே கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அவளை மறுபடி கொண்டுபோக அவள் மாமா ஏற்பாடு செய்திருந்தார். சொந்தமெல்லாம் நல்ல சேலையில். அத்தனை பேர் முன்னாலும் தர்ஷினி கேட்டாள்: “அங்க போனா சுகமாகுமா சேர்?”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஆகாதும்மா. வலிக்கு அங்கயும் இதே மருந்துதான்.”

“அப்ப நான் வீட்லயே இருக்கேன்.”

அம்மா அழுதார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, போத்தலை எடுத்து, அழாத மகளுக்கு அளந்து ஊட்டினார். மாமா வேனைத் திருப்பி அனுப்பப் போனார்.

“ஏன் மாமா, எல்லாரும் பவுடர் பூசியாச்சு. வேன நுவரெலியாவுக்கு விடச் சொல்லுங்க, ஐஸ்கிரீம் திங்கணும்!”

தேறுதல் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அன்று நுவரெலியா போன வேனில், மலை வளைவுகளில் தலைசுற்றிப்போன எனக்குத் தேறுதல் சொல்லிக்கொண்டு வந்தது தர்ஷினி.